ஏழெட்டு மணி நேரப் பயணத்துக்கு ஒற்றை நடைவழி விமானம் தகுமா?

நெடும்பயணி:
கடல் கடந்து செல்லும் தடங்கள் பலவற்றில், நடுவே ஒரே நடைவழியும் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் கொண்ட சிறிய விமானங்கள் இப்போது ஓடத் தொடங்கியுள்ளன. 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா விமான நிறுவனம் ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர் விமானத்தை மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு இயக்கியது. 8,700 கிலோமீட்டர் வரை நிற்காமல் செல்லும் ஆற்றல் அதற்கு உண்டு என்று தயாரிப்பாளர் கூறுகிறார். விமானத்தின் ஆற்றலில் எனக்கு ஐயமில்லை. அவ்வளவு நேரம் மனிதர் அதற்குள் அடைந்து கிடக்கலாமா என்பதே என் கேள்வி.

இத்தகைய விமானமொன்றில் ஏழரை மணி நேரம் பயணம் செய்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். உணவு வண்டி நடைவழியை அடைத்து நின்ற நேரம் முழுவதும் எங்கள் வரிசைகளில் இருந்த எவராலும் கழிவறைக்குச் செல்ல முடியவில்லை. வண்டி விலகியதும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்ததால், வரிசை உட்கார்ந்திருந்தவர்களின் தோளை உரசியபடி பாதி விமானம் வரை நீண்டது. இரண்டு நடைவழிகள் உள்ள விமானத்தில் ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கமாகச் சுற்றி வரலாம். கால் மரத்துப்போனால் எழுந்து சற்று நடக்கலாம். எரிபொருள் மிச்சமாகிறது என்பதற்காகப் பயணியின் உடலை இப்படி வருத்துவதை நான் ஏற்கவில்லை.

வெண்மேகம்:
நண்பரே, உங்கள் துன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வசதி என்பதை விமானத்துக்குள் மட்டும் அளந்தால் கணக்குத் தவறிவிடும். என் தாயாருக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. நேரடி விமானம் இல்லாத காலத்தில் அவர் இரண்டு அகன்ற விமானங்களில் ஏறி இறங்கித்தான் எங்களிடம் வருவார். நடுவே ஒரு பெரிய விமான நிலையத்தில் ஐந்து மணி நேரக் காத்திருப்பு, மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை, முனையம் விட்டு முனையம் மாறும் நடை என எல்லாம் உண்டு. ஒருமுறை முதல் விமானம் தாமதமானதால் அடுத்ததைத் தவறவிட்டு, இரவு முழுவதும் நாற்காலியிலேயே கழித்தார். இப்போது அதே ஊருக்கு ஒற்றை நடைவழி விமானம் நேராகச் செல்கிறது. எட்டு மணி நேரத்தில் வந்து சேர்கிறார், கால் வீக்கமும் முன்பைவிடக் குறைவு.

அந்தத் தடத்தில் நாள்தோறும் முந்நூறு பேர் பயணம் செய்வதில்லை. ஆகவே சிறிய விமானத்தை விலக்கினால் அங்கே பெரிய விமானம் வந்துவிடாது. நேரடிச் சேவையே நின்றுபோகும்.

இறக்கைநிழல்:
விமானப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இருவருக்கும் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன். பெரிய விமானம் என்றால் தாராளமான இருக்கை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அளந்து பார்த்தால் அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஏ321 விமானத்தின் உட்புற அகலம் 3.70 மீட்டர், அதில் ஆறு பேர் அமர்வதால் ஒவ்வொருவருக்கும் 18 அங்குல அகலமுள்ள இருக்கையை வைக்க முடிகிறது. போயிங் 787 விமானத்தின் உட்புற அகலம் 5.49 மீட்டர். வரிசைக்கு எட்டு இருக்கைகள் போட்டால் அது மிகவும் வசதியான விமானம். ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பன்னாட்டுத் தடங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போடுகின்றன. இருக்கை ஏறத்தாழ 17 அங்குலமாகச் சுருங்குகிறது. போயிங் 777 நிலையும் அதுவே. வரிசைக்கு ஒன்பது பேர் அமர்ந்து வந்த அதே உடற்கூட்டில் இன்று பல நிறுவனங்கள் பத்துப் பேரை அமர்த்துகின்றன. தோளுக்குத் தோள் இடிபடுவது மட்டுமே அளவுகோல் என்றால், நீங்கள் குறை கூறும் ஏ321 அந்தப் பத்திருக்கை 777 விமானத்தைவிட மேலானது.

சிறிய விமானம் காற்றில் அதிகம் குலுங்கும் என்ற நம்பிக்கையையும் சற்று ஆராய வேண்டும். குலுக்கத்தைத் தீர்மானிப்பவற்றுள் முக்கியமானது இறக்கைச் சுமை, அதாவது இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்கும் எடை. அது கூடக்கூடக் காற்றின் திடீர் வீச்சு விமானத்தை உலுக்குவது குறையும். ஏ321 எக்ஸ்எல்ஆர் 101 டன் வரையிலான எடையோடு புறப்படலாம். இறக்கைப் பரப்போ 130 சதுர மீட்டருக்கும் குறைவுதான். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ வருகிறது. 575 டன் எடையும் 845 சதுர மீட்டர் இறக்கையும் கொண்ட, இரண்டு அடுக்குள்ள ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு அது 680 கிலோதான். இறக்கையின் வளையும் தன்மை, வேகம், எரிந்து தீரும் எரிபொருள் ஆகியவையும் சேர்ந்தே முடிவு செய்வதால் இந்த ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எனினும் உருவத்தைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை.

நெடும்பயணி:
இருக்கை அகலம் பற்றி நான் தவறாக எண்ணியிருந்தேன்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடலை வாட்டுவது அகலக் குறைவு மட்டுமன்று. அறையின் காற்றழுத்தத்தைப் பற்றி நீங்கள் ஏன் எதுவும் சொல்லவில்லை? போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய இரண்டு அகன்ற விமானங்களும் பெரும்பாலும் கூட்டுப்பொருளால், அதாவது கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த பொருளால், ஆன உடலைக் கொண்டவை. உலோகத்தைப் போல எளிதில் சோர்ந்து விரிசல் விடாத அந்த உடல் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குவதால், உள்ளே ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருப்பதைப் போன்ற காற்று கிடைக்கிறது. ஒழுங்குவிதிகள் அனுமதிக்கும் எல்லை 8,000 அடி. வயதானவருக்கும் மூச்சுத் தொல்லை உள்ளவருக்கும் இந்த 2,000 அடி வேறுபாடு சிறியதன்று. மேலும், 2018இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, ஏ350 விமானத்தில் 161 இருக்கைகளை மட்டுமே வைத்தது. சாதாரண எகானமி வகுப்பே அதில் இல்லை. பயண நேரம் கூடினால் இடமும் கூட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று உண்டா?

இறக்கைநிழல்:
காற்றழுத்தம் பற்றிய கருத்து சரியானது. நான் விட்டது பிழை. ஆனால் நியூவார்க் எடுத்துக்காட்டு நீங்கள் எண்ணும் அளவுக்குச் சான்றாகாது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டிய விமானம் எரிபொருளைச் சுமக்க வேண்டுமானால் ஆட்களைக் குறைத்தே ஆக வேண்டும். குறைந்த ஆட்களிடம் கூடுதல் கட்டணம் பெற வேண்டும். ஐபீரியாவின் எக்ஸ்எல்ஆர் விமானத்திலும் 244 பேருக்கு இடமளிக்கக்கூடிய கூட்டில் 182 இருக்கைகள்தான் உள்ளன.

வெண்மேகம்:
நிறுவனங்கள் இரக்கத்தால் இடம் விடவில்லை என்பது உண்மைதான். ஏ380 எவ்வளவு அமைதியான, இடமகன்ற விமானம் என்பதைப் பறந்தவர்கள் அறிவார்கள். நான்கு என்ஜின்களுக்கு எரிபொருள் ஊற்றி, ஐந்நூறு இருக்கைகளையும் நாள்தோறும் நிரப்பும் தடங்கள் உலகில் சிலவே இருந்ததால் 2021இல் அதன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. நாமும் குறைந்த கட்டணத்தைத்தானே தேடி வாங்கினோம்?

கரைகாணி:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசி வரி என்னை எழுத வைத்தது. பயணி குறைந்த கட்டணத்தையே தேர்ந்தெடுக்கிறார் என்று சொல்லும்போது, அவர் முன் வேறு எந்த விவரம் வைக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பயணச்சீட்டு வாங்கும் பக்கத்தில் விலையும் நேரமும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. 777 என்று எங்கோ சிறிய எழுத்தில் இருந்தாலும், அது ஒன்பதிருக்கை 777 விமானமா பத்திருக்கை விமானமா என்பது தெரிவதில்லை. வரிசை இடைவெளி 31 அங்குலம் என்று எழுதினாலும், முதுகுப் பலகையின் தடிமன் தெரியாமல் முழங்காலுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல இயலாது. தேடித் துருவிக் கண்டுபிடித்து வாங்கினாலும், கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமையை நிறுவனம் ஒப்பந்தத்திலேயே வைத்துக்கொள்கிறது. மறைத்து விற்றதை வாங்கியவரிடம், ‘நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று சொல்வது நியாயமாகாது.

அமெரிக்காவில் 2018இல் நிறைவேறிய சட்டம், பாதுகாப்புக்குத் தேவையான குறைந்தபட்ச இருக்கை அளவுகளை வகுக்குமாறு அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு ஆணையிட்டது. 2022இல் பொதுமக்களிடம் கருத்தும் கேட்கப்பட்டது. அங்கும் பேச்சு, ஆபத்து நேர்ந்தால் 90 வினாடிகளுக்குள் எல்லோரும் வெளியேற முடியுமா என்பதைப் பற்றியதே. எட்டு மணி நேரம் உட்காரும் உடலுக்கு என்ன தேவை என்பது அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

வெண்மேகம்:
கட்டணம் பற்றிய என் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். வரிசைக்கு எத்தனை இருக்கை, இருக்கையின் அகலம் எவ்வளவு, எத்தனை பேருக்கு ஒரு கழிவறை என்ற மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்றால் நானும் கையொப்பமிடுவேன். ஆனால் ஒற்றை நடைவழி விமானத்தையே நெடுந்தடங்களிலிருந்து விலக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்க மாட்டேன். என் தாயார் அடுத்த மாதம் அதில்தான் வருகிறார்.

நெடும்பயணி:
விலக்க வேண்டும் என்ற என் கருத்தும் மாறவில்லை. குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தடங்களிலாவது. அது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் தாயாருக்கு இறக்கைக்கு முன்னால், நடைவழியோரமாக இருக்கை வாங்குங்கள். என்ஜின் இரைச்சல் அங்கே குறைவு. பின்புறக் கழிவறைக்கு நிற்கும் கூட்டமும் அதுவரை வராது. உணவு வண்டி புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை எழுந்து நடந்துவிடச் சொல்லுங்கள்.