பெரியவரோட ஒமேகா ஒரிஜினலா, மாத்திக் கட்டுனதா?

கீழக்கரைக்காரன்:
ஸலாம், வணக்கம் எல்லாருக்கும். எங்க வாப்பாவோட வாப்பா கொழும்புல யாவாரம் பார்த்தவுக, அவுக வச்சிருந்ததுண்டு ஒரு கை வாட்ச் பீரோவுல கிடந்துச்சு. டயல்ல ஒமேகாண்டு போட்டிருக்கு, வெள்ளை டயல், நீல முள்ளு, அளந்து பார்த்தா 47 மிமீ இருக்கு, கையில கட்டுனா தட்டு மாதிரி நிக்குது. சாவி, அதான் முறுக்குற குமிழு, 3 மணிப் பக்கம், குட்டி செகண்ட் முள்ளு 9 மணிப் பக்கம். பின் மூடி கண்ணாடி, மிஷின் ஓடுறது தெரியும். மச்சான் ரெண்டு லட்சம் போகும்ண்டு சொல்றாக, தெரிஞ்ச வாட்ச் கடைக்காரரு மூஞ்சிய சுளிச்சிட்டு கன்வெர்ஷன்ண்டு ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாரு. அப்படிண்டா என்ன, டூப்ளிகேட்டா?

பாம்பன்_காத்து:
ரெண்டு லட்சமா, மச்சானையே வாங்கிக்கச் சொல்லுங்க 😄 நான் ஆன்லைன்ல ஒரு பழைய சீகோ 5 வாட்ச் வாங்கி ஏமாந்தவன். பின் மூடியில 7009-ன்னு ஆரம்பிக்குது, உள்ள மிஷின்ல வேற நம்பர். மூடியில உள்ள முதல் நாலு எண்ணும் மிஷின் நம்பரும் ஒண்ணா இருக்கணும்கிறதே எனக்கு அப்புறம்தான் தெரியும். டயல் பளபளன்னு ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு, அதுலயே சந்தேகப்பட்டிருக்கணும்.

சாவி_கொடுத்தவன்:
தம்பி, டூப்ளிகேட் வேற, கன்வெர்ஷன் வேற. இது பாக்கெட் வாட்ச் மிஷினை எடுத்து புதுக் கூட்டுல போட்டு கை வாட்சா ஆக்குனது. நீங்க சொன்ன அந்த 9 மணி செகண்ட் முள்ளே போதும். முன்மூடி இல்லாத பாக்கெட் வாட்ச்ல சாவி 12-க்கு மேல இருக்கும், செகண்ட் முள்ளு நேர் எதிர்ல 6-ல இருக்கும், மிஷினோட அமைப்பே அதுதான், மாத்த முடியாது. அதைக் கையில கட்டணும்னா சாவி வலது பக்கம் வரணும்ல, அப்ப மிஷினைத் திருப்பிப் போடுவாங்க, சாவி 3-க்கு வந்துரும், செகண்ட் 9-க்குப் போயிரும்.

இப்ப யோசிங்க, பழைய டயலை அப்படியே திருப்புனா 12 எங்க நிக்கும்? சாவி பக்கம், அதாவது 3-ல. உங்க வாட்ச்ல 12 மேலதான இருக்கு? அப்ப அந்த டயல் பழசே இல்ல, புதுசா அடிச்சது. போட்டோ கூட தேவையில்ல.

ஒரு விஷயம், செகண்ட் 6-ல இருந்தா மட்டும் நல்ல வாட்ச்னு நம்பிராதீங்க. முன்மூடி போட்ட பாக்கெட் வாட்ச்ல சாவி 3-லயே இருக்கும், செகண்ட் 6-லயே இருக்கும், அதை மாத்துனா இந்த வழியில கண்டுபிடிக்க முடியாது. அங்க சைஸைத்தான் பார்க்கணும். பாக்கெட் வாட்ச் மிஷின் பெரும்பாலும் 40 மிமீ பக்கம் வரும், 1920-கள்ல வந்த கை வாட்ச் மிஷின் 30-க்குக் கீழதான். அந்தக் காலத்து கை வாட்ச்சுக்கு கண்ணாடிப் பின் மூடி போட்டு மிஷினைக் காட்டுறதும் வழக்கமில்ல.

மிஷின்ல நம்பர் இருக்கும் பாருங்க. அப்புறம் சும்மா சும்மா சாவி கொடுத்து ஓட்டாதீங்க, எண்ணெய் காஞ்சிருக்கும், நம்ம உப்புக்காத்துல துரு வேற ஏறியிருக்கும்.

கீழக்கரைக்காரன்:
நம்பர் 63-ல ஆரம்பிச்சு ஏழு எண்ணு. 12 மேலதான் இருக்கு. மனசு விட்டுப் போச்சுண்ணே. பெரியவுகளையே யாரோ ஏமாத்தியிருக்காகண்டு தோணுது.

சாவி_கொடுத்தவன்:
ஒமேகா நம்பர் 60 லட்சம் ஏறக்குறைய 1923, 70 லட்சம் 1929 வாக்குல. மிஷின் அதுக்கு நடுவுல வந்தது, அது அசல்தான். கூடும் டயலும்தான் பின்னால வந்தது. எப்ப மாத்துனாங்கன்னு வீட்டுல பெரியவங்களைக் கேளுங்க. ஏமாந்தாருன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

தொண்டி_கடற்கரை:
விக்கிறதா இருந்தா கன்வெர்ஷன்னு சொல்லியே வில்லுங்க, வாங்குறவன் பின் மூடியத் திறந்தா ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவான். பணத்துக்கு மச்சானை நம்பாதீங்க.

கீழக்கரைக்காரன்:
வாப்பாவோட உம்மாட்ட கேட்டேன். சிரிச்சுட்டாக. பெரியவுக கை வாட்சே கட்டுனதில்லையாம், சட்டைப் பையில சங்கிலி போட்டுத்தான் வச்சிருப்பாகளாம். அவுக மவுத்தானதுக்கு அப்புறம் எங்க சாச்சா பம்பாய்க்குப் போனப்ப, பையில வைக்கிறது யாரு இப்பண்டு சொல்லி இப்படி ஆக்கிக் கொண்டு வந்தாகளாம். பழைய கூடு வெள்ளியாம்.

சாவி_கொடுத்தவன்:
வெள்ளிக் கூடு எங்க போச்சு? டயலும் அதோட இருந்தா திருப்பி மாட்டிரலாம் தம்பி, மிஷின் கூட்டுக்குள்ள அப்படியே உக்காரும்.

கீழக்கரைக்காரன்:
சாச்சாவுக்குப் போன் போட்டேன், கூட்டை எடைக்குப் போட்டுட்டேன்ண்டு சொல்லிட்டாக. டயல் ஞாபகமே இல்லையாம். சங்கிலி மட்டும் பீரோவுல உம்மாவோட கொத்துச்சாவியில மாட்டியிருக்கு, இத்தனை வருஷமா அது சாவிக்கு வாங்குன சங்கிலிண்டே நெனச்சிட்டிருந்தேன்.