14,200 வெள்ளி பாக்கிக்கு 6,000-த்துக்குக் காசோலை: பேங்கில் போடலாமா?

மண்டிக்கடை, ஜார்ஜ்டவுன், மலேசியா:
லிட்டில் இந்தியாவில் மசாலா மொத்த வியாபாரம். ஒரு உணவகம் மூணு இன்வாய்ஸுக்கு (4,800 + 5,100 + 4,300) பாக்கி. கடன் தவணை முடிஞ்சு எட்டு மாசம். நேத்து 6,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) காசோலை வந்தது, கூடவே ஒரு கடிதம்: "இதோடு முழுக் கணக்கும் தீர்ந்தது, சம்மதமில்லை என்றால் காசோலையைத் திருப்பி அனுப்பவும்." இப்போதைக்குப் போட்டுட்டு மீதி 8,200-ஐ அப்புறம் கேட்கலாமா அண்ணே? மீதிக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கிற சீட்டு) அடிச்சு ஏஜிங்கை (எத்தனை நாள் பாக்கிங்கிற பட்டியல்) சுத்தம் பண்ணலாம்னு கிராணி (குமாஸ்தா) சொல்றாங்க.

நோட்டீஸ்காரர்:
போடாதீங்க தம்பி. போட்டா மீதி போச்சு.

1950 ஒப்பந்தச் சட்டம், 64-ஆம் பிரிவு. அதிலேயே உதாரணம் இருக்கு: 5,000 கடனுக்கு 2,000-ஐ முழுத் தீர்வாக வாங்கிக்கிட்டா கடன் மொத்தமும் ஒழிஞ்சது. 1966-இல் கெர்பா சிங் எதிர் பாரியாம் சிங் வழக்கும் கிட்டத்தட்ட உங்க கதைதான். 4,000-த்துக்கான காசோலையை மாத்திட்டு மீதியைக் கேட்டாங்க, கூட்டரசு நீதிமன்றம் விடலை. "குறைஞ்ச தொகை வாங்கினாலும் மீதி உரிமை இருக்கும்"னு இணையத்தில் படிச்சா, அது இங்கிலாந்து சட்டம். இங்கே அது எடுபடாது.

காசோலையையும் கடிதத்தையும் நகல் எடுங்க. "6,000-ஐப் பகுதித் தொகையாக மட்டுமே ஏற்கத் தயார், ஏழு நாளில் எழுத்தில் சம்மதம் வராவிட்டால் காசோலை திரும்பும்"னு ஏஆர் ரெஜிஸ்தரில் (ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்) அனுப்புங்க. பதில் வரலைன்னா நிஜமாவே திருப்பி அனுப்பிடணும். மேசை டிராயரில் தூங்க விட்டா, ஏத்துக்கிட்டீங்கன்னு அவங்க வாதாடலாம்.

அந்த உணவகம் எந்தப் பதிவுன்னு எஸ்எஸ்எம்மில் (கம்பெனிப் பதிவு ஆணையம்) பாருங்க. எண்டர்பிரைஸ்னா (முதலாளி பேரில் நடக்கிற கடை) கடையை மூடினாலும் முதலாளியோட சொந்தச் சொத்து வரைக்கும் போகலாம். செண்டிரியான் பெர்ஹாட்னா (பிரைவேட் லிமிடெட் கம்பெனி) கடன் கம்பெனியோடது. டைரக்டர் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தா ஒழிய அவரைத் தொட முடியாது.

பேரேடு77:
கிரெடிட் நோட் வேண்டாம். விலை தப்பு, சரக்கு திரும்பி வந்தது, இதுக்குத்தான் அது. இங்கே அடிச்சா "இந்தக் காசு எனக்கு வர வேண்டியதே இல்லை"ன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

சந்தேகக் கடனா இருக்கும்போது ஒதுக்கீடு: செலவில் பற்று, ஒதுக்கீட்டுக் கணக்கில் வரவு. கடன்காரர் பேர் லெட்ஜரில் அப்படியே நிக்கும். வராதுன்னு உறுதியான பிறகுதான் வாராக்கடன் செலவில் பற்று, அவர் கணக்கில் வரவு. புத்தகத்தில் தள்ளினாலும் கேட்கிற உரிமை போகாது, கெடுவிலிருந்து ஆறு வருஷம் இருக்கு.

வரிக்கு இந்த இன்வாய்ஸ்னு குறிப்பா ஒதுக்கினா எல்எச்டிஎன் (வருமான வரி வாரியம்) கழிவுக்குப் பரிசீலிக்கும். "மொத்தப் பாக்கியில் 5 விழுக்காடு"ன்னு பொதுவா ஒதுக்கினா கழிக்க விடாது. நினைவூட்டல் கடிதங்கள், எஸ்எஸ்எம் பிரிண்ட் எல்லாம் ஃபைலில் வையுங்க. பின்னால் காசு வந்தா அந்த வருஷ வருமானம்.

மண்டிக்கடை:
பார்த்துட்டேன், செண்டிரியான் பெர்ஹாட். உத்தரவாதம் எதுவும் இல்லை. 4,300 இன்வாய்ஸோட டிஓவில் (சரக்கு ஒப்படைப்புச் சீட்டு) கையெழுத்தும் இல்லை.

நோட்டீஸ்காரர்:
அப்போ கதை மாறுது. சரக்கு போய்ச் சேர்ந்ததை நிரூபிக்க லாரி டிரைவரைத்தான் சாட்சிக்குக் கூட்டணும். சிறு கோரிக்கை வழக்குக்கு உச்சவரம்பு 5,000, அதனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முழு வழக்காத்தான் போடணும். கம்பெனியைக் கலைக்க மனு போடுவேன்னு மிரட்ட கடன் 50,000-த்துக்கு மேல் இருக்கணும். முதலில் 9,000 கேளுங்க. மசியலைன்னா 6,000-ஐ எடுத்துக்கலாம், தப்பில்லை.

பேரேடு77:
எடுத்தா பேங்க் பற்று 6,000, வாராக்கடன் பற்று 8,200, கடன்காரர் வரவு 14,200. ஏன் ஒத்துக்கிட்டீங்கன்னு, அந்த டிஓ விஷயத்தையும் சேர்த்து, அன்னைக்கே ஒரு பக்கம் எழுதி ஃபைலில் போட்டுடுங்க. சும்மா விட்டுக்கொடுத்த கடன்னு ஆடிட்டில் கேள்வி வந்தா அதுதான் காட்டணும்.