மணலி புதுநகர் களிமண்: தண்ணிய எங்க வடிக்கிறது?

கொசஸ்தலையாற்றுப் பக்கத்து மனை. முருங்கை, வாழை வைக்கணும். 4 அடி தோண்டினதுல மேல் ஓரடி கருங்களி. கோடையில விரல் நுழையுற வெடிப்பு. அதுக்குக் கீழ சாம்பல் நிறம், நடுநடுவே துருப் புள்ளிகள். அதாவது நீர்மட்டம் அதுவரை ஏறி நின்னு இறங்குது. ஓரடிக் குழியை ராத்திரி ஊறவிட்டு, காலைல மறுபடி நிரப்பினா 4 மணி நேரத்துல அரை அங்குலம்கூட இறங்கல.

காய்ஞ்ச கட்டியை மழைத்தண்ணில போட்டா பால் மாதிரி கலங்குது. பெரும்பாலும் களிமண்ல ஒட்டியிருக்கிற சோடியம்தான் காரணம், அதை விடுவிக்க ஜிப்சம் (கால்சியம் உப்பு) கேட்கும். ஆனா அப்படி விடுபட்ட சோடியம் உப்பு வெளியேற வழியில்லாம ஜிப்சம் போட்டு என்ன பிரயோஜனம்? (கொஞ்சம் மணல் கலக்கச் சொல்லாதீங்க, செங்கல் மாதிரி இறுகிடும்.)

2 அடி மேட்டுப்பாத்தி முருங்கைக்குப் போதுமா? தெரு வாய்க்கால் மனை மட்டத்துலயே ஓடுது. பாத்திகளுக்கு இடையில வடியுற தண்ணிய எங்க விடறது? இடையஞ்சாவடி, சடையங்குப்பம் பக்கம் செஞ்சவங்க சொல்லுங்க.