மறு: எக்ஸ்ரன் – ‘தவணை தப்பல்’ என்று வைக்கலாமா?

பொருள்: எக்ஸ்ரன் – தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

சூப்பர்கொலைடரை (நிரல் எழுதி இசை உண்டாக்கும் மென்பொருள்) லினக்ஸில் நிறுவி ஓடவைக்கும் கையேட்டில் முதல் இரண்டு இயல்கள் முடிந்துவிட்டன. டெபியன், உபுண்டு ஸ்டூடியோ என்ற லினக்ஸ் வழங்கல்கள் இரண்டுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். பொதிகளை நிறுவுவது, பயனரை ‘ஆடியோ’ குழுவில் சேர்ப்பது, ஒலிச் சேவையகத்தை எழுப்புவது வரை சொல் முட்டுப்பாடு இல்லை.

மூன்றாம் இயல், “சத்தம் வருது, ஆனா நடுநடுவே டப் டப்னு வெடிக்குது” என்று வருகிறவர்களுக்கானது. அதில் பத்திக்குப் பத்தி எக்ஸ்ரன் (ஒலித் தரவு உரிய நேரத்தில் கைமாறாமல் போவது) தலைகாட்டுகிறது. லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கான அல்சாவின் செய்தியில் வருகிறது, ஒலிச் சேவையகமான ஜாக்கில் வருகிறது, அதை இயக்கும் கியூஜாக்கண்ட்ரோல் சாளரத்தில் சிவப்பில் எண்ணாக வருகிறது. அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமா, இல்லை ஒரு சொல் கிடைக்குமா?

மதுரையிலிருந்து

———

பொருள்: மறு: எக்ஸ்ரன் – தமிழில் என்ன?

> அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமா

பாதிப் பேர் எக்ஸ்ரே என்று வாசிப்பார்கள். :-)

அதன் தலையில் இருக்கும் எக்ஸ், அண்டர், ஓவர் இரண்டுக்கும் பொதுவாகப் போட்டது. தரவு போதாமல் போகும் அண்டர்ரன், எடுக்காமல் நிரம்பி வழியும் ஓவர்ரன் எதுவானாலும் எக்ஸ்ரன். ஆகவே முதலில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். அண்டர்ரன்னுக்கு ‘வறள்வு’, ஓவர்ரன்னுக்கு ‘வழிவு’. பஃபருக்கு (தரவைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் இடம்) இடையகம் என்று அகராதிகளில் இருப்பதால் ‘இடையக வறள்வு’, ‘இடையக வழிவு’. பொதுப்பெயர் ‘வறள்வழிவு’. நீளம் என்றால் இன்னொன்றும் யோசித்தேன்: இசைக்கான மென்பொருள்தானே, ‘தாளம் தப்பல்’ என்று சொல்லிவிட்டுப் போவோம்.

சென்னையிலிருந்து

———

பொருள்: மறு: மறு: எக்ஸ்ரன் – தமிழில் என்ன?

வணக்கம்.

கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளம் தப்பலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் சூப்பர்கொலைடரில் அந்தப் பெயருக்கு உரிய வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது.

அந்த மென்பொருள் இரண்டு துண்டாக ஓடுவது மதுரை நண்பருக்குத் தெரியும். நாம் நிரல் எழுதுவது மொழிப் பகுதியில். ஒலியை உண்டாக்குவது சேவையகம். இரண்டும் ஓஎஸ்சி என்ற நெறிமுறைச் செய்திகளால் பேசிக்கொள்கின்றன. “இந்தச் சுரத்தை இந்த நேரத்தில் ஒலி” என்று நேரமுத்திரை குத்திய செய்தி போகும். செய்தி முன்கூட்டியே போய்ச் சேரட்டும் என்று, இயல்பாக 0.2 வினாடி இடைவெளி விட்டிருப்பார்கள். முத்திரையில் உள்ள நேரம் கடந்த பிறகு செய்தி வந்தால் சேவையகம் ‘லேட்’ என்று போட்டு, எத்தனை வினாடி என்பதையும் பக்கத்தில் எழுதும். அப்போது ஒலி சுத்தமாகத்தான் வரும், வெடிப்பு இருக்காது. சுரம் மட்டும் இடம் தள்ளி விழும். அதுதான் அசல் தாளம் தப்பல்! எக்ஸ்ரன்னில் தாளத்துக்கு ஒன்றும் ஆகாமலே ஒலி கிழியலாம். கீ என்ற ஒற்றைத் தம்புரா ஒலியை ஓடவிட்டாலும் எக்ஸ்ரன் வரும். அதில் தப்புவதற்குத் தாளமே இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், மூன்றாம் இயலைப் படிப்பவர் 0.2-ஐ 0.5 ஆக்கிவிட்டு “இன்னும் வெடிக்குதே” என்று இங்கேயே வந்து நிற்பார்.

அடுத்து வறள்வு, வழிவு. அல்சாவோடு நின்றுவிட்டால் இவை நல்ல சொற்கள். ‘ஏபிளே’ கட்டளை ஒரு கோப்பை வாசிக்கையில் பிசகினால், அண்டர்ரன் என்று மூன்று ஆச்சரியக்குறியோடு அலறி, குறைந்தது இத்தனை மில்லிவினாடி என்று அளவும் சொல்லும். பதிவு செய்யும்போது அதே இடத்தில் ஓவர்ரன் வரும். அங்கே நீர் உவமை சரியாகப் பொருந்துகிறது.

ஜாக்கில் பொருந்தவில்லை. ஆர்டோர் ஒலிப்பதிவு மென்பொருளை எழுதிய பால் டேவிஸ் அதற்காக உருவாக்கியதுதான் ஜாக். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒலியட்டை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறுக்கீட்டை (செயலியை அழைக்கும் சமிக்ஞை) எழுப்பும். உடனே ஜாக், உள்ளே வந்த மாதிரிகளை (ஒலியை எண்ணாக்கிய அளவீடுகள்) எடுத்து, இணைந்திருக்கும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஓடவைத்து, விடையை வெளியே போகும் பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்த குறுக்கீட்டுக்குள் இது முடிய வேண்டும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், சுற்றுக்கு 256 என்று வைத்தால் கிடைக்கும் நேரம் 5.3 மில்லிவினாடி. வினாடிக்கு 187 தடவைக்கு மேல் இந்த வேலை முடிந்தாக வேண்டும். ஒன்று முடியாமல் போனாலும் எக்ஸ்ரன். வறண்டதா வழிந்ததா என்று ஜாக் பிரித்துச் சொல்வதில்லை. எடுக்கும் பக்கமும் கொடுக்கும் பக்கமும் ஒரே சுற்றில் நடப்பதால் அந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை. கெடு தவறியது, அவ்வளவுதான்.

ஆகவே நிகழ்ச்சியை இடையகத்தின் பக்கம் நின்று பார்க்காமல் கெடுவின் பக்கம் நின்று பெயரிடுவோம். என் பரிந்துரை: தவணை தப்பல்.

இதில் எனக்குப் பிடித்தது, ‘தவணை’ இன்னொரு சிக்கலையும் தீர்த்துவிடுகிறது. அல்சா தன் இடையகத்தைச் சம கூறுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கூறுக்கும் பெயர் பீரியட். நாம் இதுவரை காலம், இடைவேளை, பகுதி என்று ஆளுக்கொன்றாக எழுதிவந்தோம். ஒரு தவணைக்கு 256 மாதிரி, இடையகத்துக்கு இரண்டு தவணை, யுஎஸ்பி அட்டையானால் மூன்று தவணை வைத்துப் பாருங்கள் என்று எழுதினால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது! தவணை அளவு, தவணை எண்ணிக்கை, தவணை தப்பல் மூன்றும் ஒரே குடும்பம்.

சொல்லைக் கேட்டவுடனே கைவைத்தியமும் தெரிகிறது. வீட்டில் தவணை தப்பினால் என்ன செய்வோம்? கெடுவை நீட்டிக் கேட்போம், வேறு செலவைக் குறைப்போம், இல்லை இந்தத் தவணைக்கு முதலிடம் என்று எடுத்துவைப்போம். மூன்றாம் இயலில் வரும் மருந்துகளும் இவைதான். 256-ஐ 1024 ஆக்கினால் கெடு 21.3 மில்லிவினாடியாக நீளும். விசையை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே சுணக்கம் கூடும், அது கொடுக்கும் விலை. செயலியின் மின்சேமிப்பு முறையை மாற்றி முழு வேகத்தில் வைப்பதும், பின்னணியில் ஓடுவதை நிறுத்துவதும் செலவைக் குறைக்கும் கணக்கு. ‘ஆடியோ’ குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமை 95 என்றும், நினைவகப் பூட்டுக்கு வரம்பில்லை என்றும் ஒரு கோப்பில் எழுதிவைப்பது மூன்றாவது வகை. டெபியனில் ஜாக் பொதியை நிறுவும்போதே “நிகழ்நேர முன்னுரிமை தரலாமா?” என்று கேட்கும். பலர் அது என்னவென்று தெரியாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஆடியோ குழுவில் சேர்ந்தும் பயனில்லை, வரம்புக் கோப்பு முடக்கப்பட்டே கிடக்கும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். குழுவில் சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும் என்பதையும்.

நினைவகப் பூட்டு ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. ஒலி நிரலின் பக்கம் ஒன்று வட்டுக்குத் தள்ளப்பட்டிருந்தால், அதைத் திரும்பக் கொண்டுவரவே தவணை நேரம் போய்விடும். அதற்குத்தான்.

கோவையிலிருந்து

———

பொருள்: மறு: எக்ஸ்ரன் – ‘தவணை தப்பல்’ என்று வைக்கலாமா?

வணக்கம் அண்ணா,

எங்களுக்குத் தவணை எண்டால் முதலில் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வரும். இரண்டாம் தவணைப் பரீட்சை. அடுத்தது நீதிமன்றம், அங்கே உங்கள் வாய்தா, எங்களுக்குத் தவணை. கடன் தவணை மூன்றாவதாகத்தான். ஆனாலும் மூன்றிலும் “குறித்த கெடுவுக்குள்” என்ற பொருள் நிக்குது, அதனால் எனக்கு மறுப்பில்லை.

பீரியட்டுக்கு மட்டும் ஒரு மாற்று: ஆவர்த்தனம். நாங்கள் படித்த வேதியியலில் ஆவர்த்தன அட்டவணை, பௌதிகத்தில் ஆவர்த்தன காலம். பழகின சொல்.

இன்னொன்று. இப்போது பல வழங்கல்களில் புதிய ஒலிச் சேவையகமான பைப்வயர்தான் இயல்பாக வருகுது. ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலேயே மாறிவிட்டது, உபுண்டு 22.10-இல். பைப்வயரில் பீரியட் என்ற பேச்சே குறைவு, அவர்கள் குவாண்டம் என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆரும் எங்கள் பாடப்புத்தகத்துச் ‘சொட்டு’ எண்டு பெயர்க்க வெளிக்கிட வேண்டாம். ஒலி சொட்டுச் சொட்டாகப் போறது மாதிரி வாசிப்பார்கள்.

ஒரு சந்தேகம். ஓவர்ரன்னில், அதாவது பதிவு செய்யும்போது, மென்பொருள் தரவைக் கொடுப்பதில்லை, எடுக்கத் தவறுகுது. அதையும் தவணை தப்பல் என்னலாமோ?

யாழ்ப்பாணத்திலிருந்து

———

பொருள்: மறு: மறு: எக்ஸ்ரன் – ‘தவணை தப்பல்’ என்று வைக்கலாமா?

> மென்பொருள் தரவைக் கொடுப்பதில்லை, எடுக்கத் தவறுகுது

என்னலாம் தம்பி. தவணையைக் கட்டுகிறவரும் உண்டு, வசூலிக்கிறவரும் உண்டு. ஏபிளே போலப் பிரித்துச் சொல்லும் இடங்களில் ‘கொடுக்கும் தவணை தப்பியது’, ‘எடுக்கும் தவணை தப்பியது’ என்று போடுவோம். வறள்வும் வழிவும் வீணாக வேண்டாம். இடையகத்தின் நிலையை விளக்கும் பத்திகளில் அவற்றையே ஆளலாம்.

> பீரியட்டுக்கு மட்டும் ஒரு மாற்று: ஆவர்த்தனம்

இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு எந்தத் துறையானாலும் சரி. இங்கே படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் இசை தெரிந்தவர்கள். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம் என்று பழகியவரிடம் “ஆவர்த்தனம் 256” என்றால் மிரண்டுபோவார். சூப்பர்கொலைடரில் தாளச் சுழற்சியையே நிரலாக எழுதும்போது அந்தச் சொல் அதன் சொந்தப் பொருளில் நமக்குத் தேவைப்படும்.

குவாண்டம்: பைப்வயரின் குவாண்டமும் ஜாக்கின் தவணை அளவும் நடைமுறையில் ஒன்றுதான், ஒரு சுற்றில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை. இயல்பாக 1024. ஆகவே அதற்கும் ‘தவணை அளவு’. கையேட்டில் முதல் தடவை மட்டும் ‘பைப்வயர் இதைக் குவாண்டம் என்கிறது’ என்று ஒரு வரி சேர்த்தால், அமைப்புக் கோப்பைத் திறப்பவர் தடுமாற மாட்டார். பழைய ஜாக் பொதியைத் தனியே ஓட்டாமல் பைப்வயரின் ஜாக் நூலகத்தின் வழியே சூப்பர்கொலைடரை எழுப்பும் முறையை முன்னால் வையுங்கள் என்பது என் எண்ணம். புதிதாக வருபவருக்கு அது போதும். உலாவியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே நிரலும் எழுதலாம். மிகக் குறைந்த சுணக்கம் கேட்பவருக்குத் தனி ஜாக், தனிப் பின்னிணைப்பு.

பைப்வயரின் ‘டாப்’ கருவியில் எக்ஸ்ரன் எண்ணிக்கை ‘இஆர்ஆர்’ என்ற பத்தியில் வரும். அதற்குத் தமிழில் ஒரே சொல்லாகத் ‘தப்பு’ என்று தலைப்பிடலாம். பிழை என்றும் படிக்கலாம், தப்பிய தவணை என்றும் படிக்கலாம். திட்டமிட்டு வந்து விழுந்ததில்லை.

கோவையிலிருந்து

———

பொருள்: மறு: எக்ஸ்ரன் – ‘தவணை தப்பல்’: ஒற்று?

‘தவணைத் தப்பல்’ என்று வல்லினம் மிக வேண்டாமா? நேற்று வரைவைப் பார்த்தபோது இரண்டு விதமாகவும் இருந்தது.

சென்னையிலிருந்து

———

பொருள்: மறு: மறு: எக்ஸ்ரன் – ‘தவணை தப்பல்’: ஒற்று?

மிகாது. தவணை தப்பியது என்பது எழுவாய்த் தொடர், தப்புவது தவணையே. தவணையைத் தப்பவிடுவதாகப் பொருள்கொண்டால் ஒற்று கேட்கலாம், ஆனால் செய்தியில் ‘தவணை தப்பியது: 3’ என்று காட்டிவிட்டு விளக்கத்தில் ‘தவணைத் தப்பல்’ என்று எழுதினால் தேடுபவருக்கு ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒற்றில்லாமலே எல்லா இடத்திலும் போடுவோம். ‘தவணை அளவு’க்கு இந்தத் தொல்லையே இல்லை.

சொற்கோவையில் நான் ஏற்றப்போவது: பீரியட் – தவணை, பீரியட் அளவு, குவாண்டம் – தவணை அளவு, எக்ஸ்ரன் – தவணை தப்பல், சூப்பர்கொலைடரின் லேட் செய்தி – தாளம் தப்பல் (சென்னை நண்பர் வேறு இடத்துக்கு ஈன்ற சொல், இங்கே நன்றாக உட்காருகிறது), லேட்டன்சி – சுணக்கம். கடைசியானது பழைய முடிவுதான். சில பட்டியல்களில் அதற்கு உள்ளுறை, மறைநிலை என்றெல்லாம் இருக்கின்றன. வெப்பவியலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை, எடுத்துவிடுங்கள்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். மதுரை நண்பர் மூன்றாம் இயலை இந்தச் சொற்களோடு அனுப்பலாம். ‘பேட்ச்’ தமிழில் என்ன என்று பியூர் டேட்டா (பெட்டிகளை இணைத்து ஒலி நிரல் அமைக்கும் மென்பொருள்) பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டு என்று யாராவது சொல்வதற்குள் அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

கோவையிலிருந்து