அப்பாவின் கூத்து கேசட்டுகள்: கிளவுடை நம்பி விட்டுவிடலாமா?

கூத்துக்காரர் மகள் (சாட்ஸ்வொர்த், டர்பன்):
அப்பா கரும்புத் தோட்ட ஊர்களில் தெருக்கூத்து ஆடியவர். துரியோதனன் வேடம் கட்டினால் விடியும்வரை இறங்கமாட்டார். 1970களில் அவர் குழு ஆடியதைப் பதிவு செய்த 62 கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. மேலட்டையில் ஊரும் தேதியும் அப்பாவின் கோணல் எழுத்தில். 2023-இல், நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போகும் ஆறாம் கட்ட மின்வெட்டுக்கு நடுவே, மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டேன். கோயிலின் பழைய கணக்குப் புத்தகங்களின் படங்களையும் சேர்த்தால் 400 ஜிபி வருகிறது.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சித்தி வீட்டு ஆல்பங்கள் சேறாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். வீட்டு அலமாரியை நம்ப மனம் வரவில்லை. "கிளவுடில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் பெரியம்மா" என்கிறான் தங்கை மகன். இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிப்பதாம் அது. அந்த 'மறந்துவிடுங்கள்' தான் உறுத்துகிறது.

கேப்டவுன் கணினிக்காரன்:
அக்கா, உறுத்தட்டும், அதுதான் நல்லது. முதலில் எந்தக் கிளவுட் என்று பாருங்கள். கணினியிலிருக்கும் கோப்புறையோடு தானாக ஒத்துப்போகும் வகை காப்பகம் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கையே கூகுள் நீக்கிவிடலாம். 2023-இல் வந்த விதி.

நெடுங்காலத்துக்கு என்றால், எப்போதாவது மட்டும் எடுக்கும் கோப்புகளுக்கான கிடங்கான அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்றது பொருந்தும். அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.00099 டாலர். உங்கள் 400 ஜிபிக்கு மாதம் 40 சென்ட். மலிவு என்று மகிழ்வதற்குள் மறுபக்கத்தையும் கேளுங்கள்: எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திரும்ப இறக்கினால், இலவசமாக விடும் 100 ஜிபி போக, மலிவு வழியிலேயே சுமார் 28 டாலர். ஏறக்குறைய ஆறு ஆண்டு வாடகை! கேட்டவுடன் கோப்பு வராது. 12 மணி நேரம், மலிவு வழியென்றால் 48 மணி நேரம்கூட ஆகும். 180 நாளுக்குள் அழித்தாலும் அந்த 180 நாள் வாடகையைக் கட்டியாக வேண்டும். கணக்குப் புத்தகப் படங்களை ஒவ்வொன்றாக ஏற்றாமல் ஆண்டுவாரியாக ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி ஏற்றுங்கள்.

பழைய நூலகர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி விலையைச் சொல்லிவிட்டார், நான் வேலையைச் சொல்கிறேன் அம்மா. மூன்று பிரதிகள், இரண்டு விதமான இடங்கள், ஒன்றாவது வேறு ஊரில். கிளவுட் அதில் ஒன்றுதான். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சிறிய நிறுவனத்தை மட்டும் நம்பியிருந்தோம். கடையை மூடுகிறோம் என்று முப்பது நாள் அவகாசம் கொடுத்தார்கள். இணைய வேகத்தோடு மல்லுக்கட்டி பாதியைத்தான் மீட்டோம்.

ஏற்றும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண்ணை எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள். கோப்பின் கைரேகை அது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். ஒலியைச் சுருக்கி எம்பி3 ஆக்கி மூலத்தை வீசிவிடவேண்டாம். சுருக்காத வேவ் கோப்பாகவே இருக்கட்டும். கேசட்டுகளையும் எறியாதீர்கள். கடவுச்சொல் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் உங்களோடு அதுவும் போய்விடும். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் வயது 71.

கூத்துக்காரர் மகள்:
கோபமில்லை ஐயா. பிரிட்டோரியாவில் இருக்கும் தங்கையிடம் ஒரு ஹார்டு டிஸ்க் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று என் வீட்டு மாடி அலமாரியில். மூன்றாவது கிளவுடில். ஏற்றி முடித்த மறுநாளே பதினேழாம் கேசட்டின் கோப்பைக் கிளவுடிலிருந்து திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். இரவு கேட்டது காலையில்தான் வந்தது. கைரேகை எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. நாற்பதாம் நிமிடத்தில் மிருதங்கம் நின்று, அப்பா யாரிடமோ தண்ணீர் கேட்கும் இடமும் அப்படியே இருக்கிறது.

பிறகுதான் கவனித்தேன்: வாடகை போகும் என் வங்கி அட்டை வரும் மார்ச்சில் காலாவதியாகிறது. மறந்துவிடச் சொன்னவனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவன் அட்டையையும் கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் சாப்பாடு போடுவேன்.