மழைமானியா, மழையுணரியா?

> புளோரிடாவில் உள்ள வீடுகளுக்கான தெளிப்பான் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ரெயின் சென்சாருக்கு 'மழைமானி' என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

மழைமானி வேண்டாம். எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அளக்கும் கருவிக்குப் பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்ட சொல் அது. உங்கள் கருவி எதையும் அளந்து சொல்வதில்லை. உள்ளே தக்கை வில்லைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். மழையில் நனைந்ததும் அவை உப்பி ஒரு சுவிட்சை அழுத்தும். வால்வுகளுக்குப் போகும் 24 வோல்ட் மின்சுற்று அறுபடும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடிகாரம் தன் பாட்டுக்கு ஓடினாலும் தண்ணீர் வராது. வில்லைகள் காய்ந்து சுருங்கினால் சுற்று தானே சேர்ந்துகொள்ளும்.

ஆக, செய்யும் வேலையைப் பார்த்தால் இது சுவிட்ச்தான். இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு 'ஆளி' என்பார்கள். ஆசையாக 'மழையாளி' என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் வாயில் அது பாலக்காட்டுக்குப் போய்விடும்! 'மழை நிறுத்தி' என்றால் மழையையே நிறுத்துவதுபோல் இருக்கிறது.

என் ஓட்டு 'மழையுணரி'க்கு. கார் கண்ணாடியில் வைப்பரை ஓட்டும் கருவியும் மழையுணரிதானே, அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறதே என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டுமே. குழம்பும் இடத்தில் மட்டும் 'தக்கை மழையுணரி' என்று எழுதினால் போதும். புளோரிடாவில் 1991 மே மாதத்துக்குப் பின் தானியங்கித் தெளிப்பான் வாங்கிப் போடுகிறவர்களுக்கு மழையுணரியைச் சட்டமே கட்டாயமாக்கியது. அத்தனை பேர் புழங்கும் பொருளுக்குச் சின்னப் பெயர்தான் நிற்கும்.

> சரி, மழையுணரியே இருக்கட்டும். மூடியைத் திருகிக் கால் அங்குலம், அரை அங்குலம் என்று வைக்கிறோமே, அதற்கு 'உணர்திறன்' பொருந்துமா?

பொருந்தாது. எவ்வளவு மழைக்குப் பிறகு தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பதுதான் அந்த அளவு. 'மழை வரம்பு' என்று போடுங்கள். பக்கத்தில் காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் வளையம் வேறு இருக்கும். வில்லைகள் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பது அதன் கையில். அதற்கு 'உலர் வளையம்' என் பரிந்துரை.

அப்புறம் ஜம்பர். சென்சார் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பெட்டியோடு வரும் துண்டுக் கம்பி. 'பாலக் கம்பி' எனலாம். பெயர் எதுவானாலும், மழையுணரியை இணைக்கும்போது அதைக் கழற்றச் சொல்லும் வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அது அங்கேயே இருந்தால் கொட்டுகிற மழையிலும் தெளிப்பான் ஓடும்.