கலவரமா, போராட்டமா? 2020 பற்றி இன்னும் ஒத்துப்போக முடியாதது ஏன்?

கேள்வி: நெடுவழி

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் மூச்சடங்கிப்போன பின் அமெரிக்கா முழுவதும் நடந்தவற்றை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே அந்த வழக்கு. என் மைத்துனர் அதைக் கலவரம் என்கிறார். நான் போராட்டம் என்கிறேன். இத்தனைக்கும் நாங்கள் இருவரும் அந்த நாட்களில் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள்தாம்.

அவர் காப்பீட்டுக் கணக்கை எடுத்து வைக்கிறார்: 100 கோடி முதல் 200 கோடி டாலர் வரை இழப்பு என்று மதிப்பிடப்பட்டது, அமெரிக்காவில் கலவரத்துக்காகக் காப்பீட்டாளர்கள் கொடுக்க நேர்ந்த தொகைகளிலேயே இதுதான் பெரியது என்றும் சொல்லப்பட்டது. நான் 93 விழுக்காடு போராட்டங்கள் அமைதியாகவே நடந்தன என்ற ஆய்வுக் கணக்கை எடுத்து வைக்கிறேன். அவருக்குப் பிடித்த மற்றொரு சான்று விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரிலிருந்து வந்த படம். செய்தியாளருக்குப் பின்னால் வாகனங்கள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்க, 'தீப்பற்றினாலும் பெரும்பாலும் அமைதியான போராட்டம்' என்ற பொருளில் சிஎன்என் திரையின் அடியில் எழுத்துகள் நிற்கும். அதைக் கைப்பேசியில் சேமித்தே வைத்திருக்கிறார். முதன்முறை காட்டியபோது எனக்குப் பதில் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்களுக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு கணக்கும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? தீ வைத்ததைக் கண்டித்தால் போராட்டத்தையே கண்டிப்பதாகவும், போராட்டத்தை ஆதரித்தால் தீயையும் ஆதரிப்பதாகவும் எதிரில் இருப்பவர் காதில் விழுவது ஏன்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

மறுமொழி: எண்கணியன்

இரண்டும் உண்மைதான். அளக்கும் கோல்தான் வேறு.

நீங்கள் சொல்லும் 93 விழுக்காடு 'ஆக்லெட்' என்ற ஆய்வமைப்பின் கணக்கு. மே மாத இறுதியிலிருந்து ஆகஸ்ட் 22 வரை கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தோடு ('பிளாக் லைவ்ஸ் மேட்டர்') தொடர்புடைய 7,750க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை, 2,440க்கும் மேற்பட்ட இடங்களில் அது பதிவு செய்தது; வன்முறை நடந்த இடங்கள் 220க்கும் குறைவு. இந்தக் கணக்கில் சிற்றூர் ஒன்றின் நீதிமன்ற வாசலில் முப்பது பேர் பதாகையோடு நின்று கலைந்தாலும் அது ஒரு நிகழ்வு. ஒரு தெருவே எரிந்தாலும் அதுவும் ஒரு நிகழ்வு. காப்பீட்டுக் கணக்கோ பணத்தை எண்ணுகிறது. முப்பது பேர் நின்ற இடத்தில் எண்ணுவதற்குப் பணம் இல்லை. மினியாபொலிஸ், செயிண்ட் பால் என்ற இரட்டை நகரங்களில் மட்டும் ஏறத்தாழ 50 கோடி டாலர் எண்ணக் கிடைத்தது. எனவே 'நாடெங்கும் என்ன நடந்தது' என்று கேட்டால் உங்கள் எண்ணும், 'நடந்ததற்கு யார் எவ்வளவு விலை கொடுத்தார்கள்' என்று கேட்டால் உங்கள் மைத்துனரின் எண்ணும் விடையாக வரும்.

உங்கள் பக்கத்தாருக்கு ஒரு சொல்: மீதி ஏழு விழுக்காட்டைக் கணக்குப் போட்டால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் வரும். அது சிறிய எண் அன்று. அவர் பக்கத்தாருக்கு ஒரு சொல்: அந்த 'மிகப் பெரிய இழப்பு' பல நகரங்களில் பல நாட்கள் நடந்தவற்றின் கூட்டுத்தொகை. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்ட 1992இல் லாஸ் ஏஞ்சலிஸ் என்ற ஒரே நகரத்தில், சில நாட்களுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதைப்போல ஒன்று 2020இல் எந்த நகரத்திலும் நடக்கவில்லை.

சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1921இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வெள்ளையர் கூட்டம் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பை எரித்துத் தரைமட்டமாக்கியது. பல பத்தாண்டுகளுக்கு அதன் பெயர் 'இனக் கலவரம்'. கலவரத்தால் வரும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற விதியைக் காட்டி, வீடிழந்த கறுப்பினத்தவரின் விண்ணப்பங்களைக் காப்பீட்டாளர்கள் தள்ளுபடி செய்தார்கள். இன்று அதைப் படுகொலை என்றே அழைக்கிறார்கள். ஆகவே 'கலவரம்' என்ற சொல்லைக் கேட்டதும் அங்கே சிலர் துணுக்குறுவதில் வியப்பில்லை. அவர்களின் பாட்டன் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு வீட்டின் விலை இருந்தது.

மறுமொழி: கல்தச்சன்

நான் மைத்துனரின் பக்கம். சொல்லாராய்ச்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020 ஜூன் 2 அதிகாலையில் செயிண்ட் லூயிஸ் நகரில் நண்பரின் அடகுக்கடையைக் காக்கப்போய்ச் சுடப்பட்டு இறந்த டேவிட் டார்ன் எந்தச் சதவீதத்துக்குள் வருகிறார்? அவர் ஓய்வுபெற்ற காவல்துறை கேப்டன், 77 வயது, கறுப்பினத்தவர். கறுப்பின உயிரின் மதிப்பைப் பற்றிய போராட்டத்தில் அவர் பெயர் தாங்கிய பதாகைகளை நான் அதிகம் பார்க்கவில்லை.

அரசின் முதற்கடமை குடிமக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது. மே 28 இரவு மினியாபொலிஸின் மூன்றாம் காவல் நிலையத்தைக் காவலர்களே காலி செய்துவிட்டுப் போனார்கள், கட்டடம் எரிந்தது. சட்டம் விலகிய இடம் வெற்றிடமாக நிற்பதில்லை. ஆகஸ்டில் கெனோஷாவில் அந்த இடத்துக்குத் துப்பாக்கியுடன் 17 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான், இருவர் செத்தார்கள், அவன் தற்காப்புக்காகவே சுட்டான் என்று நடுவர்குழு பின்னர் விடுவித்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும், அப்படி ஒருவன் அங்கே வந்து நிற்கும் நிலையை உண்டாக்கியது யார் என்பதே என் கேள்வி. காவல்துறையைக் கலைத்து வேறு துறை அமைக்கும் திட்டத்தை 2021 நவம்பரில் வாக்கெடுப்புக்கு விட்டபோது மினியாபொலிஸ் நகரத்து மக்களே அதைத் தோற்கடித்தார்கள். அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

மறுமொழி: ஏரிக்கரைவாசி

நான் அந்த நகரத்து மக்களில் ஒருவன். அப்போது லேக் தெருவுக்கு நடந்துபோகும் தொலைவில் குடியிருந்தேன். மே 26 மாலை, ஃபிளாய்ட் இறந்த இடத்திலிருந்து மூன்றாம் காவல் நிலையத்துக்குப் போன ஊர்வலத்தில் முகக்கவசத்தோடு நானும் நடந்தேன். மே 29 காலை அதே சாலையில் துடைப்பத்தோடு நின்றேன். கண்ணாடித் தூளைக் கூட்டினால் அது நீரில் ஊறிய சாம்பலோடு சேர்ந்து சேறாகத் திரண்டு துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். உதறி உதறித்தான் கூட்ட வேண்டும். இரண்டு நாட்கள் சட்டையில் எரிந்த நெகிழியின் வாடை போகவில்லை. எரியாத கடைகளின் பிளைவுட் பலகைகளில் 'சிறுபான்மையினர் கடை', 'மாடியில் குழந்தைகள் இருக்கிறார்கள்' என்று தெளிப்பான் வண்ணத்தால் எழுதியிருந்தார்கள். எழுத்து கோணலாக இருந்தது, அவசரத்தில் எழுதியது.

காவல் நிலையத்துக்கு அருகே 'காந்தி மகால்' என்ற உணவகம் இருந்தது. உரிமையாளர் வங்கதேசத்திலிருந்து வந்து குடியேறியவர். முந்தைய நாட்களில் காயம்பட்ட போராட்டக்காரர்களுக்கு மருத்துவம் பார்க்கத் தம் கடையில் இடம் கொடுத்தவர். அதுவும் எரிந்தது. 'என் கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்க வேண்டும்' என்று அவர் சொன்னது உலகமெங்கும் பரவிற்று. அந்தப் பெருந்தன்மை அவருடையது. எரிந்த மற்றக் கடைக்காரர்கள் சார்பிலும் அதையே எடுத்துப் பேச எனக்கு உரிமையில்லை; சமூக ஊடகத்தில் பலர் அந்த உரிமையைத் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த குறைந்த வாடகைக் குடியிருப்பும் சாம்பலானது. 189 வீடுகள். அவை யாருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்கள் ஊர்வலத்திலும் இருந்திருப்பார்கள்.

'காப்பீடு இருக்கிறதே' என்று எளிதாகச் சொல்பவர்களுக்கு ஒரு விவரம். இடிபாட்டை அகற்றப் பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்கள் தந்த தொகைக்கும் ஒப்பந்ததாரர்கள் கேட்ட தொகைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதற்கும் மேலாக, அந்த ஆண்டின் எஞ்சிய சொத்து வரியைக் கட்டினால்தான் இடிக்க அனுமதி என்று மாநகராட்சி முதலில் நிபந்தனை வைத்தது. பேரிடர் நிதி கேட்ட மாநில அரசின் விண்ணப்பத்தை ஒன்றிய அரசு ஜூலையில் மறுத்தது. எரிந்த இரவைப் படம் பிடித்த கேமராக்களில் ஒன்றுகூட இந்த வரிசைகளில் வந்து நின்றதில்லை.

வெளியாட்களே எரித்தார்கள் என்ற ஆறுதலும் முழுவதும் செல்லாது. டெக்சாஸிலிருந்து வந்த தீவிர வலதுசாரி ஒருவர் அந்தக் காவல் நிலையத்தின்மீது 13 முறை சுட்டதை ஒப்புக்கொண்டார், உண்மைதான். ஆனால் அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்த வழக்கில் தண்டனை பெற்றவர்கள் எங்கள் மினசோட்டா மாநிலத்திலேயே வாழ்ந்தவர்கள்.

கல்தச்சன் அவர்களே, தீ வைத்ததை நான் 'ஆனால்' போடாமல் கண்டிக்கிறேன். டேவிட் டார்ன் கொலையையும் அப்படியே. இனி நீங்களும் ஒன்றை 'ஆனால்' போடாமல் சொல்லுங்கள். ஃபிளாய்ட் இறந்த பின் காவல்துறை வெளியிட்ட முதல் அறிக்கையின் தலைப்பு, காவலர்களுடனான சந்திப்பின்போது 'மருத்துவக் கோளாறு' ஏற்பட்டு ஒருவர் இறந்தார் என்பது. முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த முழங்கால் கழுத்தில் இருந்தது ஒன்பது நிமிடம் இருபத்தொன்பது விநாடி என்பதை உலகம் அறிந்தது, 17 வயதுப் பெண் ஒருத்தி கைப்பேசியைத் தாழ்த்தாமல் நின்றதால். அவள் அன்று அந்தப் பக்கம் போகாதிருந்தால் இந்த இழையே இருந்திராது.

மறுமொழி: கல்தச்சன்

சொல்கிறேன். அந்த அறிக்கை பொய். முழங்காலால் அழுத்திய காவலர் டெரெக் ஷோவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை தகும். இதில் எனக்கு எந்த 'ஆனாலும்' இல்லை.

மறுமொழி: பழந்தாள்

இந்த வாக்குவாதம் 1960களில் நடந்த வாக்குவாதத்தின் மறுபதிப்பு. மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் பேசியதிலிருந்து, கலவரம் என்பது செவிமடுக்கப்படாதவர்களின் மொழி என்ற வரியை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அதே பேச்சில் கலவரம் சமூகத்தை அழிப்பது, தன்னையே தோற்கடித்துக்கொள்வது, அதைத் தொடர்ந்து கண்டிப்பேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கலவரத்தை உண்டாக்கும் நிலைமைகளையும் அதே அளவு வன்மையாகக் கண்டிக்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. ஆளுக்குப் பாதியாக அவரைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

அவ்வாண்டு கோடையில் டெட்ராய்டு கலவரத்தில் 43 பேர் மாண்ட பின் அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம், கறுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாகப் பிரிந்த, சமமற்ற இரு சமூகங்களை நோக்கி நாடு போகிறது என்று 1968 பிப்ரவரியில் எழுதியது. ஜான்சன் அந்த அறிக்கையை ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை.

வன்முறை பலன் தருமா என்ற கேள்விக்குச் சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. அறுபதுகளின் அமைதிப் போராட்டங்கள் வெள்ளை வாக்காளரை ஜனநாயகக் கட்சியின் பக்கம் நகர்த்தின, வன்முறை அவர்களை 1968இல் குடியரசுக் கட்சியின் நிக்சன் பக்கம் தள்ளியது என்று அரசியல் ஆய்வாளர் ஓமர் வாசோவின் ஆய்வு காட்டுகிறது. மறுபுறம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும், பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்த நியாயமான குடியிருப்புச் சட்டம், கிங் கொல்லப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் கொந்தளித்த ஒரே வாரத்தில் கையெழுத்தானது. 2020இலும் அதுபோலத்தான். ஃபிளாய்டின் இறப்பில் தொடர்புடைய நால்வரும் பணிநீக்கம் செய்யப்பட்டது மே 26இல், தீ மூள்வதற்கு முன். ஷோவின் கைது செய்யப்பட்டது மே 29இல், காவல் நிலையம் எரிந்த மறுநாள். ஆனால் அதே கோடையின் முடிவுக்குள், கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்துக்கு அமெரிக்கர்களிடம் ஜூனில் இருந்த 67 விழுக்காடு ஆதரவு செப்டம்பரில் 55 ஆக இறங்கியது என்று பியூ ஆய்வு மையம் கண்டது.

மறுமொழி: நெடுவழி

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த இழையை மைத்துனருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். காந்தி மகால் வரை குறுக்கிடாமல் கேட்டார். அவரைப் பொறுத்தவரை இது அபூர்வம். மே 29 என்ற தேதி வந்ததும் கையை உயர்த்தி, 'மறுநாள் கைது செய்தார்கள் என்பதாலேயே தீதான் கைது செய்ய வைத்தது என்று ஆகிவிடாது' என்றார். ஆதரவு 67இலிருந்து 55க்கு இறங்கியதற்கும் தீதான் காரணம் என்று அப்படியே ஆகிவிடாதே என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்த வாக்கெடுப்பில் கேள்வியை எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்று தேடத் தொடங்கினார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.